கோடும் ஏடும்

நவம்பர் மாதம் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. விடிந்தது முதல் வானம் பிழியாத துணியைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மழையும் பெய்யவில்லை, காற்றும் அசையவில்லை. மாடிகளில் முன்தினம் உலர்த்திய துணிகள் அன்றும் ஈரமாகவே கிடந்தன. தெருவில் போவோர் எல்லோர் கையிலும் குடை இருந்தது. ஒருவரும் அதை விரிக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் அன்று வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே கடையைத் திறந்தார். திறந்தவர் கல்லாவில் அமரவில்லை. நேரே பின்னறைக்குச் சென்று, ஊசிமருந்துகள் இருக்கும் குளிர்பெட்டியின் மேல் வைத்திருந்த பழுப்புநிறக் கண்ணாடி ஜாடியைக் கையில் எடுத்து, ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். ஜாடி காலியாக இருந்தது. அவருடைய வயிறும் அவ்வாறே இருந்தது. காலையில் மனைவி வைத்த தட்டை அவர் தொடவில்லை.

"பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி முழிக்கிறீங்களே," என்று அவள் கேட்டதற்கு, "பரீட்சை எப்பவோ முடிஞ்சுது. இன்னிக்கு ரிசல்ட்டு," என்று மட்டும் விடை கூறிவிட்டு வந்திருந்தார்.

அன்று வரவேண்டியது ஒரு மருந்துச் சோதனையின் முடிவு. நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் ஒரு நோய்க்குச் சிறியதோர் உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. அம்மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இறுதிக் கட்டச் சோதனையின் முடிவைப் பதினான்காம் நாள் பங்குச்சந்தை மூடிய பின்னர் வெளியிடுவதாக அந்நிறுவனம் அறிவித்திருந்தது. மருந்து வென்றால் பங்கின் விலை மூன்று மடங்காகும். தோற்றால் பங்கு வெறுங்காகிதமாகும். அந்நிறுவனத்தின் இருபத்தோராயிரம் பங்குகள் மருந்துக்கடைக்காரரின் பெயரில் இருந்தன. பெயர்தான் அவருடையது. பணம் அவருடைய அக்காவின் வீடு.

அக்கா நீதிமன்றத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் தட்டச்சராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும், நான்காம் மாடியில் இருந்த வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீட்டைப் பேசி முடித்தார். புது வீட்டின் மீதித் தொகையை நவம்பர் பதினேழாம் நாள் திங்கட்கிழமை செலுத்தவேண்டும். அதுவரை ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தார். "பணம் பேங்க்ல குறட்டை விட்டுத் தூங்குதுடா. நீதான் கொஞ்சம் எழுப்பி வேலைக்கு அனுப்பேன்," என்று ஆகஸ்டு மாதத்தில் தம்பியிடம் அவரே கொடுத்தார். அது போக அவரிடம் எஞ்சியது ஓய்வுக்கால மொத்தத் தொகை. அதைத் தொடக்கூடாது என்று தம்பி கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

சென்ற வாரம் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தபோது அக்கா தம் கைப்பேசியைப் பெருமையோடு காட்டினார். "பாத்தியா, பக்கத்து ரூம் நர்ஸ் பொண்ணு இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தா. இனிமே நானும் ஷேர் வாங்கலாமாம்."

"விளையாடாதே அக்கா. அந்த ஓய்வுப் பணம் நெருப்பு மாதிரி. கிட்டப் போகாதே."

"போகமாட்டேன்டா. நீ சொன்னாத்தான் தொடுவேன், போதுமா?" என்று அக்கா சிரித்துவிட்டு மாத்திரையை எடுத்துச் சென்றார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சூதாடுபவர் அல்லர். அவருக்கு ஒரு முறை இருந்தது. அம்முறைக்கு ஒரு துணைவரும் இருந்தார். துணைவர் அவருடைய மனைவியின் தம்பி. அரசாங்கத்தில் நில அளவையாளர். பங்குகளின் விலை ஏறியிறங்கும் படத்தை அவர் வயல் வரப்பைப் பார்ப்பது போலப் பார்ப்பார். எங்கே விலை கால் ஊன்றி நிற்கும், எங்கே தலை இடித்துத் திரும்பும் என்று அளவுகோலை வைத்துக் கோடு கிழிப்பார். மருந்துக்கடைக்காரரோ படத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முதல் எழுத்திலிருந்து கடைசி அடிக்குறிப்பு வரை படிப்பார்: கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, மென்பொருள் நிறுவனமானால் அதை விலைகொடுத்து வாங்குவோர் எத்தனை பேர், மருந்து நிறுவனமானால் எத்தனை நோயாளிகளிடம் சோதித்தனர் என்று. ஆகவே வீட்டில் மனைவி ஒருவருக்குக் 'கோடு' என்றும் மற்றவருக்கு 'ஏடு' என்றும் பெயர் சூட்டினாள். பெயர் தெருமுனை வரைக்கும் பரவிவிட்டது.

கோடு சரியென்று சொல்லி ஏடு மறுத்தால் வாங்கமாட்டார்கள். ஏடு சரியென்று சொல்லிக் கோடு மறுத்தால் காத்திருப்பார்கள். மருத்துவமனைப் பதிவேடுகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தை ஏடு மெச்சினார். விலையோ நாள்தோறும் சரிந்துகொண்டிருந்தது. எட்டு மாதம் காத்திருந்து, கோடு நிமிர்ந்த வாரத்தில் வாங்கினார்கள், இரட்டிப்பாயிற்று. மற்றொரு மருந்து நிறுவனத்தின் கோடு மணப்பெண் போல அழகாக இருந்தது. ஏட்டைப் புரட்டினால் ஐந்து மாதச் செலவுக்கே பணம் இருந்தது. விட்டுவிட்டார்கள், அப்பங்கு பாதியாயிற்று.

இம்முறைக்கு உயிர்நாடி அந்தப் பழுப்பு ஜாடி. போதை தரும் மருந்துகளைப் பூட்டி வைக்கும் அலமாரியை இருவர் தனித்தனியாக எண்ணவேண்டும் என்பது மருந்துக்கடையின் சட்டம். முதலாமவர் எண்ணிய தொகையை இரண்டாமவரிடம் சொல்லக்கூடாது. "முதல் எண்ணைக் கேட்டுவிட்டு எண்ணுபவன் எண்ணுவதில்லை, தலையாட்டுகிறான்," என்பது மருந்துக்கடைக்காரர் தம் பணியாளர்களுக்கு ஓதும் வேதம். அதே சட்டத்தைப் பங்குகளுக்கும் வைத்தார். வியாழக்கிழமைதோறும் பின்னறையில் இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சீட்டில் எழுதி ஜாடியில் போடுவார்கள். இரண்டும் விழுந்த பிறகே திறப்பார்கள். இரண்டும் 'ஆம்' என்றால், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, உறவினரும் அண்டை அயலாரும் கடையின் வாடிக்கையாளரும் அடங்கிய கைப்பேசிக் குழுவில் மருந்துக்கடைக்காரர் ஒரு குறிப்பு எழுதுவார். குறிப்பின் கடைசி வரி எப்போதும் ஒன்றே: 'கோடும் ஏடும் ஒன்று.' குழுவில் நாற்பத்திரண்டு பேர் இருந்தனர். அக்கா இல்லை, கண்ணாடி போட்டாலும் அவ்வளவு சிறிய எழுத்து அவருக்குத் தெரியாது.

இந்த மருந்து நிறுவனத்தை மார்ச்சு மாதத்தில் முறைப்படிதான் தேர்ந்தெடுத்தார்கள். சிறிதளவே வாங்கினார்கள். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் அதைப் பற்றி ஒரு வரி எழுதி, 'கோடும் ஏடும் ஒன்று' என்று முடிப்பது மருந்துக்கடைக்காரருக்கு வழக்கமாயிற்று. விலை ஏறியது. அவருக்கும் தெருவில் ஓர் அடி உயரம் கூடியது.

ஆகஸ்டு மாதத்தில்தான் ஏட்டில் கறை தெரிந்தது. அரையாண்டறிக்கையின் அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு பிற்சேர்க்கை. மருந்துண்ட நோயாளி ஓராண்டின் முடிவில் துணையின்றி எத்தனை அடி நடக்கிறார் என்பதே சோதனையின் அளவுகோலாக முன்பு இருந்தது. இப்போது அதை மாற்றி, ஆறாம் மாதத்தில் நோயாளி நிரப்பித் தரும் ஒரு வினாத்தாளை அளவுகோலாக ஆக்கியிருந்தார்கள். ஓடத் தெரியாத குதிரைக்காகப் பந்தயத் தூரத்தைக் குறைத்தது போலிருந்தது அது. அன்று வியாழக்கிழமை. அக்காவின் வீட்டுப் பணத்தை இப்பங்கில் போடுவதா என்பதற்கான சீட்டு. மருந்துக்கடைக்காரர் பேனாவைத் திறந்து, 'இல்லை' என்று எழுதக் கையை வைத்துவிட்டார்.

அப்போது மைத்துனர் உள்ளே வந்தார். பேசவில்லை, பேசக்கூடாது என்பது சட்டம். ஆனால் அவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த படத்தைக் கல்யாணப் பட்டுப்புடவை போல மேசையில் இறக்கினார். படம் தானாகவே விரிந்தது. கோடு இடக்கீழ் மூலையிலிருந்து வலமேல் மூலைக்கு ஏணி சாத்தியது போல ஏறியிருந்தது. அதன் அடியில், எத்தனை பங்குகள் கைமாறின என்பதைக் காட்டும் பச்சைக் கம்பங்கள் வாரத்துக்கு ஒன்றாக வளர்ந்திருந்தன. 'யாரோ பெரிய கை வாங்குகிறது. அறுபத்தோராம் பக்கத்தை என்னைவிடப் பெரியவர்கள் படித்திருக்கமாட்டார்களா?' என்று மருந்துக்கடைக்காரர் எண்ணினார். 'ஆம்' என்று எழுதினார். ஜாடியைத் திறந்தபோது அதனுள் இரண்டு 'ஆம்' இருந்தன.

நவம்பர் பதினான்காம் நாள் காலையில் அவர் குழுவில் குறிப்பு எதுவும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை என்பதே காரணம். பதினொன்றரை மணிக்குப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருமல் மருந்துக்கு வந்தார். கடையின் பழைய வாடிக்கையாளர், குழுவில் உள்ளவர்.

"என்ன ஏடு சார், இன்னிக்குக் கெட்டிமேளமாமே? குறிப்பையே காணோம்?"

"இருமலுக்கு வந்தீங்களா, குறிப்புக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். எங்க ஷெட்டே கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு சார். வெள்ளிக்கிழமை நீங்க பத்து மணிக்கு எழுதுவீங்க, பத்தேகாலுக்குள்ள நாங்க வாங்கிடுவோம். மெக்கானிக்கு, கண்டக்டர், டயர் மாத்துறவன், கேன்டீன்காரர்னு மொத்தம் பதினேழு பேர்."

"பதினேழு பேரா? குழுவுல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான் உங்க குறிப்பைப் படிப்பேன். மத்தவங்க என் மூஞ்சியைப் படிப்பாங்க." ஓட்டுநர் தம் நகைச்சுவையைத் தாமே இரசித்து, சிரித்து, இருமினார். "நாற்பத்திரண்டு பேர்ல ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரு ஷெட் இருக்கும் சார். நீங்க வேணா பாருங்க."

மருந்துக்கடைக்காரரும் உடன் சிரித்தார். சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. சில்லறையை எண்ணிக் கொடுத்தவர், கொடுத்ததை மறந்து மீண்டும் எண்ணிக் கொடுத்தார். ஓட்டுநர் நேர்மையானவர், கூடுதலாக வந்ததைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

பகல் ஒரு மணிக்கு மைத்துனர் மடிக்கணினியோடு வந்து சேர்ந்தார். அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"மாமா, இன்னிக்கு என்னமோ மாதிரி இருக்கு. முடிவு வர்ற நாள், திருவிழாக் கூட்டம் மாதிரி வியாபாரம் நடக்கணும். காலையிலேருந்து மொத்தமே நூத்திப் பதினோரு ஷேர்தான் கைமாறியிருக்கு. இழவு வீடு கூட இதைவிடக் கலகலப்பா இருக்கும்."

"மச்சான், அந்தப் படத்தை நாள்வாரியா காட்டாதே. நிமிஷ வாரியா காட்டு. போன வெள்ளிக்கிழமை."

மைத்துனர் விசைகளைத் தட்டினார். திரையில் ஒரு நாள் முழுதும் வெறுந்தரையாகக் கிடந்தது. பத்து மணி ஐந்து நிமிடத்திலிருந்து பத்தரை வரை மட்டும் பச்சைக் கம்பங்கள் நெருக்கியடித்து நின்றன.

"அதுக்கு முந்தின வெள்ளி."

அதே இடத்தில் அதே கம்பங்கள்.

"செப்டம்பர். ஏதாவதொரு புதன்கிழமை காட்டு."

வெறுந்தரை.

"ஜூலையில எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வெள்ளிக்கிழமை குறிப்பு எழுதலே. அதைக் காட்டு."

அந்த வெள்ளியும் வெறுந்தரையாகவே இருந்தது.

குளிர்பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. மைத்துனரின் விரல் விசையின் மேல் நின்றவாறே நின்றது. சேற்றுநிலத்தில் வழி தேடிப் போனவன், முன்னே ஒரு கூட்டம் போயிருக்கிறது என்று காலடிகளைப் பின்பற்றி நெடுந்தூரம் நடந்து, கடைசியில் குனிந்து பார்த்தால் அவையெல்லாம் தன் செருப்பின் தடங்களே என்று கண்டால் எவ்வாறு நிற்பான்? அவ்வாறு இருவரும் நின்றனர்.

"பெரிய கைன்னு நினைச்சோமே மச்சான்," என்றார் மருந்துக்கடைக்காரர். குரல் தாழ்ந்திருந்தது. "அந்தக் கை நம்ம பஸ் டிரைவர் கை. அவன் ஷெட்ல மட்டும் பதினேழு பேர் என் குறிப்பைப் பாத்து வாங்குறாங்களாம்."

"வெள்ளிக்கிழமை மட்டும் ஏறுதேன்னு எனக்கும் ஆகஸ்டுல உறுத்துச்சு மாமா. இப்படிப் பல்வரிசை மாதிரி ஒழுங்கா எந்தக் கோடும் ஏறாது. 'இல்லை'ன்னுதான் எழுத வந்தேன்."

"பின்னே ஏன்டா எழுதலே?"

"நீங்க அறிக்கையை முழுசாப் படிச்சிட்டு, பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு, கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. சந்தேகம்னா முகத்துல தெரியுமே, மாமா மூஞ்சியில ஒன்னுமில்லையே, உள்ளே சரக்கு இருக்கப் போய்த்தானே இப்படி இருக்காருன்னு நினைச்சேன்."

"நீ சீட்டியடிச்சுக்கிட்டு வந்தியே!"

"பயத்துல அடிச்சேன் மாமா. ஏடு நல்லாத்தான் இருக்கும், நம்ம கோட்டுக்கு என்ன வந்துச்சுன்னு என்னையே தேத்திக்க அடிச்சேன்."

மருந்துக்கடைக்காரர் ஜாடியைப் பார்த்தார். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணவேண்டிய அலமாரியை இருவரும் எண்ணவில்லை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்து, இருவரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

"அறுபத்தோராம் பக்கத்துல அளவுகோலையே மாத்தியிருக்கான். மருந்து வேலை செய்யலேன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு. வித்துடு. எல்லாத்தையும். இப்பவே."

மைத்துனர் முதலில் ஐந்நூறு பங்குகளை விற்பனைக்கு வைத்தார். நூறுதான் போயிற்று. அந்த நூறுக்கே விலை நூற்று நாற்பதிலிருந்து நூற்று முப்பத்தொன்றுக்கு வழுக்கியது. மீதி நானூறும், வாங்குவார் இல்லாத பண்டமாகத் திரையில் கிடந்தன. அவற்றைத் திரும்ப எடுத்தார். மணி இரண்டு பத்து. சந்தை மூன்றரைக்கு மூடும்.

"வாங்க ஆளே இல்லை மாமா." மைத்துனர் கணினியைப் பார்த்தே பேசினார். "இந்த உலகத்துல இந்த ஷேரை வாங்குறவங்க நாற்பத்திரண்டு பேர்தான். அவங்க பின்னாடி இருக்கிற ஷெட்டு. அவங்க வாங்கணும்னா..."

"சொல்லாதே."

"நீங்க ஒரு வரி எழுதணும்."

"வாயைக் கழுவு. அந்த டிரைவர் இப்பத்தான் நான் கூடக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போனான்."

"டிரைவருக்கு நூறு ஷேர் இருக்கும், இருநூறு இருக்கும். போனா வலிக்கும், செத்துப்போக மாட்டான். அக்காவுக்கு வீடு மாமா. திங்கக்கிழமை பணம் கட்டலேன்னா கொடுத்த முன்பணமும் போச்சு. மொழங்காலை வச்சுக்கிட்டு எங்கே போவாங்க? வாடகை ரூம்லயேவா?"

மருந்துக்கடைக்காரர் எழுந்து முன்னறைக்குச் சென்றார். கல்லாவில் நின்று, வந்த இருவருக்கு மருந்து கொடுத்தார். ஒரு கிழவருக்கு மாத்திரையைப் பிரித்து, காலைக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று மூன்று முறை எடுத்துரைத்தார். வெளியில் வெளிச்சம் பிற்பகலுக்கு உரியதாக இல்லை. மஞ்சள் கலந்து, கண்ணாடிப் புட்டிகளின் மேல் எண்ணெய் போலப் படிந்திருந்தது. எதிர்ச்சாரியில் யாரோ கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. காற்றில்லாத நாளில் கதவு ஏன் அடிக்கிறது என்று அவருக்கு ஓர் எண்ணம் தோன்றி மறைந்தது.

திரும்பி வந்தபோது மணி இரண்டு முப்பத்தெட்டு. அவர் கைப்பேசியை எடுத்துக் குழுவில் உள்ளோர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஓட்டுநர். கண்ணாடிக்கடைக்காரர். மனைவியின் சின்னம்மா மகன். அக்காவின் பக்கத்து அறைச் செவிலி. பள்ளி எழுத்தர். அக்கா இல்லை. ஒருமுறை பார்த்தது போதாதென்று மறுமுறையும் பார்த்தார். அக்கா இல்லவே இல்லை. அந்த ஒன்று மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது.

'மருந்து வென்றாலும் வெல்லலாம் அல்லவா? வென்றால் வாங்கியவர்கள் என்னை வாழ்த்துவார்கள். தோற்கும் என்பதற்கு என்னிடம் சான்றா இருக்கிறது? ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம்.' இவ்வாறு தமக்குத் தாமே வழக்குரைத்துத் தாமே தீர்ப்பும் அளித்துக்கொண்டார். பின்னர் எழுதினார். எழுத்துப்பிழை ஒன்று வந்தது, பொறுமையாகத் திருத்தினார்.

'முடிவு வருவதற்கு முன் வாங்க இன்று மூன்றரை வரையே நேரம் உண்டு. கோடும் ஏடும் ஒன்று.'

மைத்துனர் விற்பனை ஆணையை வைத்தார். இரண்டு நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு திரையின் விளிம்பில் ஒரு பச்சைக் கம்பம் முளைத்தது. அதன் அருகில் இன்னொன்று. நூறு, நாற்பது, முந்நூறு, இருபத்தைந்து என்று பங்குகள் போய்க்கொண்டே இருந்தன. 'முந்நூறு யாராக இருக்கும்? கண்ணாடிக்கடைக்காரரா? இருபத்தைந்து டயர் மாற்றுபவனாக இருக்கும்.' பார்க்கக்கூடாது என்று மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், காது திரும்பவில்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் கணினி 'டிங்' என்றது.

மூன்றே கால் வரையில் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் பங்குகள் போயின. அதன்பின் ஓசை நின்றுவிட்டது.

"இன்னும் பதினாலாயிரம் இருக்கு மாமா. சின்னக் கையெல்லாம் தீர்ந்துபோச்சு."

"மணி?"

"மூனு பதினாறு."

பின்னறையின் சாளரத்துக்கு அப்பால் வானம் இன்னும் ஒரு முழம் இறங்கியிருந்தது. மூன்று பதினெட்டுக்குக் கணினி ஒரே ஒரு முறை ஒலித்தது. பச்சைக் கம்பம் ஒன்று திரையின் உச்சி வரை எழுந்து நின்றது. அதனருகில் மற்றக் கம்பங்களெல்லாம் புல்லாகிவிட்டன.

மைத்துனர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வந்துடுச்சு மாமா! ஒரே ஆர்டர், பதினாலாயிரம்! மொத்தமும் போயிடுச்சு! நிஜமாவே பெரிய கை. எட்டு மாசமா தேடின கை!"

மருந்துக்கடைக்காரர் சுவரில் சாய்ந்தார். "யாரு?"

"யாராயிருந்தா என்ன? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அக்கா வீடு தப்பிச்சுது." கண்ணில் நீர் கோத்திருந்ததை மறைக்க மைத்துனர் அளவுகோலை எடுத்துப் படத்தில் ஒரு கோடு கிழித்தார்.

மூன்றரைக்குச் சந்தை மூடியது. மருந்துக்கடைக்காரர் முகம் கழுவி வந்து கல்லாவில் அமர்ந்தார். காலைக்குப் பிறகு முதன்முறையாகப் பசித்தது. மைத்துனர் இரண்டு தேநீர் வாங்கி வந்தார். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் குடித்தார்கள். ஓட்டுநருக்கு நட்டத்தை எவ்வாறேனும் ஈடுகட்டவேண்டும், ஓராண்டுக்கு மருந்து இலவசமாகத் தரலாம் என்றெல்லாம் மருந்துக்கடைக்காரரின் மனம் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

நான்கு மணிக்கு அக்கா வந்தார். விரிக்காத குடையை ஊன்றுகோலாக்கி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கடைக்குள் ஏறினார். முகம் மலர்ந்திருந்தது. மைத்துனர் ஓடிப்போய் முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க அக்கா. நல்ல சேதி. உங்க வீட்டுப் பணம் முழுசாத் திரும்பி வந்துடுச்சு. வித்தாச்சு!"

"வித்துட்டீங்களா? ஏன்டா?" அக்காவின் முகம் ஒரு கணம் குழம்பியது. பிறகு தெளிந்தது. "ஓ, திங்கக்கிழமைக்குக் கையில காசு வேணும்னா? சரி, சரி. போனாப் போகுது. நம்ம பங்குக்கு லாபம் வராமப் போயிடுமோன்னு பாத்தேன். நல்லவேளை, நானும் ஒரு வேலை பண்ணிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் தேநீர்க் குவளையை மேசையில் வைத்தார். "என்ன வேலை?"

"திட்டக்கூடாது. நீ சொன்னாத்தான் தொடுவேன்னு சொன்னேன்ல? அப்படியேதான் பண்ணேன். நர்ஸ் பொண்ணு டியூட்டி முடிஞ்சு வந்து, 'அம்மா, உங்க தம்பி எழுதிட்டாரு, மூன்றரைக்குள்ள வாங்கச் சொல்றாரு'ன்னு வாசிச்சுக் காட்டினா. ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். 'கோடும் ஏடும் ஒன்னு'ன்னு போட்டிருக்கா பாருடின்னு கேட்டேன். போட்டிருக்குன்னா." அக்கா குடையை மடியில் கிடத்திக்கொண்டார். "பேங்குலேருந்து மாத்துறதுக்குத்தான் கொஞ்சம் நேரமாயிடுச்சு. சில்லறை எதுக்கு, வட்டமாப் போடுன்னேன்."

"எத்தனை அக்கா?" என்று கேட்டது யாருடைய குரல் என்று மருந்துக்கடைக்காரருக்கே தெரியவில்லை.

"பதினாலாயிரம்டா. முப்பத்தோரு வருஷம் தட்டின விரலு. கடைசி பட்டனை நானே அமுக்கினேன்." அக்கா தம் வலக்கையை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினார். "ஏன்டா ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க? தப்பா வாங்கிட்டேனா? நீதானே எழுதினே?"

மைத்துனரின் கையிலிருந்த அளவுகோல் தரையில் விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. அக்கா ஒருவரிடமிருந்து மற்றவரிடம் பார்வையை மாற்றி மாற்றிப் பார்த்தார். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

கல்லாவின் மேல் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. மேசையின் கண்ணாடியில் அது தானே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. நிறுவனத்தின் அறிவிப்பு இரண்டே வரிகளாக இருந்தது. சோதனை தன் முதன்மை நோக்கத்தை எட்டவில்லை. மருந்தின் வளர்ச்சிப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. அதன் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக, ஓட்டுநரின் அழைப்பும் கண்ணாடிக்கடைக்காரரின் அழைப்பும் வரத் தொடங்கின.

"என்னடா அது, ரிசல்ட்டா?" என்று அக்கா கேட்டார். "எனக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. நீயே படி."

சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி சரியாக நான்கு பத்து.